செயல்வழிக் கற்றல்

செயல்வழிக் கற்றல் என்பது மாணவர் தத்தம் வேகத்திற்கு ஏற்ப, அட்டைகள், கருவிகள், குழுச் செயல்பாடுகள் ஆகியவற்றின் துணையுடன் தாமே கற்கும் முறையாகும். இது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பெருமளவில் நடைமுறைப்படுத்தப்பட்டது. ஆசிரியர் முன்நின்று பாடம் நடத்தும் மரபு முறையுடன் இதனை எவ்வாறு இணைப்பது என்பது தமிழகக் கல்வியின் முதன்மையான வினாக்களுள் ஒன்றாகும்.

பின்னணி

திண்ணைப் பள்ளிகளில் மனனமே அடிப்படையாக இருந்தது. எனினும் சட்டாம்பிள்ளை எனப்படும் மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பித்தார். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைப் பின்பற்றினார்; மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக இது 'மதராசு முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

வரலாறு

ஆந்திரப் பிரதேசத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி பள்ளத்தாக்கில் உருவான அட்டைவழிக் கற்பித்தலை முன்மாதிரியாகக் கொண்டு, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் இம்முறை தொடங்கப்பட்டது. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமார் இதற்கு முன்முயற்சி எடுத்தார். 2007-08 கல்வியாண்டில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மூலம் மாநிலம் முழுவதும் 1 முதல் 4 வரையுள்ள வகுப்புகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது.

வழிமுறை

பாடங்கள் சிறு படிநிலைகளாகப் பகுக்கப்பட்டு, சுவரில் தொங்கும் 'ஏணிப்படி'யில் சின்னங்களாகக் காட்டப்படும். மாணவர் தம் நிலைக்குரிய அட்டையை எடுத்து, உரிய குழுவில் அமர்வார். சில குழுக்களில் ஆசிரியரும் சிலவற்றில் சக மாணவரும் உதவுவர். பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைக்கப்பட்டன. விடுப்பில் சென்ற மாணவர் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

நிறைகளும் குறைகளும்

ஓராசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்க வேண்டிய பள்ளிகளுக்கு இம்முறை பொருத்தமானது. ஆயினும், அட்டைகள் தொலைந்தாலோ சிதைந்தாலோ கற்றல் தடைபடும். எழுத்து, ஒலி, கணக்கின் அடிப்படைகளை ஆசிரியர் நேரடியாக விளக்காவிடில் பின்தங்கிய மாணவர் ஒரே படியில் தேங்க நேரிடும். அத்தகைய பிள்ளைக்கு வீட்டில் கற்றுத்தர எழுத்தறிந்தோர் இல்லையெனில் இழப்பு மிகுதியாகும்.

தருமபுரி மாவட்டம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54%; இது மாநிலத்திலேயே மிகக் குறைவு (மாநில அளவு 80.09%). எனவே பள்ளியில் அடிப்படைத் திறன்களை உறுதிசெய்வது இங்கு இன்றியமையாதது. வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைப்பகுதிகளின் சிறிய பள்ளிகளில் பல வகுப்பு மாணவர் ஒன்றாகப் பயிலும் சூழலில் குழுக் கற்றல் பயன் தரவல்லது. இம்மாவட்டத்தின் நாகர்கூடலில் 2000இல் மீனாட்சி உமேஷ் தொடங்கிய புவிதம் கற்றல் மையம், மண்ணோடும் வேளாண்மையோடும் இணைந்த மாற்றுக் கல்விக்கு எடுத்துக்காட்டாகும்.

இணைப்பு முயற்சி

கொரோனா பெருந்தொற்றால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைக் குறைக்க, 2022 சூனில் தமிழ்நாடு அரசு 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. 2023-24இல் இது 4, 5 ஆம் வகுப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. மாணவர் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்படுகின்றனர். பாடல், கதை, விளையாட்டு ஆகியவற்றுடன் ஆசிரியரின் நேரடிக் கற்பித்தலும் பயிற்சி நூல்களும் இதில் இடம்பெறுகின்றன. இவ்வகையில் இத்திட்டம் இரு முறைகளின் கூறுகளையும் ஒருங்கே கொண்டுள்ளது.