பெயர்ந்தவர்களின் ஊர்

சிலப்பதிகாரம் புகாரையும் மதுரையையும் ஒரே மாதிரிதான் புகழ்கிறது: குடிகள் ஊரைவிட்டுக் கிளம்பியறியாத நகரங்கள். நல்ல நகருக்கு அடையாளம் பெயராமை. (கோவலனும் கண்ணகியும் விடியுமுன்னே புகாரைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.) எம்.ஏ. வகுப்பில் இதை நகர்ச்சிறப்பு என்று எழுதிக்கொண்டு வந்ததோடு சரி. கிளம்பாதவங்க இஷ்டப்பட்டு இருந்தாங்களா, கிளம்ப வழியில்லாம இருந்தாங்களா என்று பிரதி சொல்வதில்லை.

இப்போது அளவுகோல் மாறியிருக்கிறது. 2020 உலக மகிழ்ச்சி அறிக்கை 186 நகரங்களை வரிசைப்படுத்தி, ஹெல்சிங்கியை முதலில் வைத்தது. 0 முதல் 10 வரையான ஏணியில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதே கேள்வி. எந்தக் குழியிலிருந்து ஏறி வந்தீர்கள் என்று அது கேட்காது.

இந்த ஏணியைக் கோலார் தங்கவயலில் சாத்திப் பார்க்கலாம். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியபின் வட ஆர்க்காட்டிலிருந்து தலித்துகள் சாரிசாரியாகப் போனார்கள். மூங்கில் தட்டி வீடு. 3 கி.மீ.க்கும் கீழே இறங்கிய சுரங்கம், பாறை வெடிப்பு, நுரையீரலைத் தின்னும் தூசி. எந்தக் கணக்கெடுப்பிலும் கடைசிப் படிதான். ஆனாலும் ஆள் வருவது நிற்கவில்லை. பஞ்சம் துரத்தியது, சரி. அது மட்டுமா? பண்ணையாளுக்குப் படியளக்கும் ஆண்டை அங்கே இல்லை. கூலி காசாகக் கைக்கு வந்தது. சாதி செத்துப்போய்விடவில்லைதான். ஆனால் அயோத்திதாசரின் பௌத்தம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. அவர் 1914இல் மறைந்தபின், 1920களின் பிற்பகுதியில் அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து நடத்தினார். விட்டுவந்த சேரியில் இது நடக்குமா? 1930இல் கைரேகை பதியச் சொன்னபோது வேலைநிறுத்தம் செய்தவர்களும் இந்தத் தொழிலாளர்களே. தூசியைப் பொறுத்தவங்க ரேகையைப் பொறுக்கல. மகிழ்ச்சி, துக்கம் என்ற இருமையில் இதை அடைக்க முடியாது என்றே எனக்குப் படுகிறது.

கிராமத்தில் எல்லாரும் சந்தோஷமாத்தான் இருந்தோம் என்று ஏங்கும் நம் நாவல்களில் அந்த ‘எல்லாரும்’ யார் என்பதை இங்கிருந்து வாசிக்க வேண்டும். 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை அறியாமையின் குகை என்று சாடியது வெறும் கோபமல்ல. பெயர்ந்தவர்களின் அனுபவம் அதற்குள் இருக்கிறது.

28 பிப்ரவரி 2001 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது, ஊர் காலியாகவில்லை. ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை ரயிலேறி, பெங்களூரில் வேலைபார்த்துவிட்டு, ராத்திரி தங்கவயலுக்கே திரும்புகிறார்கள்.