தோப்புல ஹேமக் கட்டப்போறீங்களா? முதல்ல மரத்தைப் பாருங்க!

ஹேமக் வாங்கியாச்சு, தோப்புல ரெண்டு தென்னையும் இருக்கு. உடனே கட்டிடலாமா? கொஞ்சம் பொறுங்க.

2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயலில் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னைகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. தப்பிய மரமெல்லாம் பலமானது என்று நம்பிவிடாதீங்க. சாய்ந்தது, வேர் வெளியே தெரிவது, பொந்து விழுந்தது வேண்டவே வேண்டாம். தேங்காய், காய்ந்த மட்டையை இறக்கிட்டுக் கட்டுங்க.

கயிற்றை விறைப்பா இழுக்காதீங்க. கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் கட்டினால், 60 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் சுமார் 60 கிலோ இழுவிசை. 10 டிகிரி என்றால் 170 கிலோவைத் தாண்டும்!

வீட்டுக்குள்ளே ஜன்னல் கம்பி, குழந்தையின் தூளிக் கொக்கி வேண்டாம். கான்கிரீட் தூண்தான் நல்லது. உட்காரும் உயரம் ஒன்றரை அடி போதும். நடுவில் மெதுவா உட்கார்ந்து பார்த்த பிறகு காலைத் தூக்குங்க.