சோக்ரடீஸுக்காக உயர்ந்த கைகள்

உலகக் கிண்ணம் வந்தால் சந்திக்குச் சந்தி பிரேசில் கொடி கட்டுபவர்கள் நாங்கள். பெலேயைத் தெரியும், நெய்மரைத் தெரியும். ஆனால் 1982இல் அந்த அணிக்குத் தலைவராக இருந்த சோக்ரடீஸைப் பற்றி நமது பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுப்பதில்லை.

தாடி வைத்த நெடிய மனிதர். உதைபந்தாடிக்கொண்டே படித்து வைத்தியரானவர். 1978 முதல் 1984 வரை சாவோ பாவுலோ நகரின் கொரிந்தியன்ஸ் கழகத்துக்கு விளையாடினார். 1910இல் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய கழகம் அது. இன்றும் அதை மக்களின் அணி என்றே அழைக்கிறார்கள்.

1964 முதல் 1985 வரை பிரேசிலில் இராணுவ ஆட்சி. நாட்டின் ஜனாதிபதியைத் தெரிவு செய்ய மக்களுக்கு வாக்கில்லை. அந்தக் காலத்தில்தான் கொரிந்தியன்ஸ் கழகத்துக்குள் ஒரு புதுமை நடந்தது. பயிற்சி நேரம், புதிதாக யாரைச் சேர்ப்பது, போட்டிக்கு முதல் நாள் வீரர்களை ஹோட்டலில் அடைத்து வைப்பதா இல்லையா என்று எல்லாவற்றையும் வாக்கெடுத்துத் தீர்மானித்தார்கள். நட்சத்திர வீரருக்கும் ஒரு வாக்கு, உடுப்புகளைப் பராமரிப்பவருக்கும் ஒரு வாக்கு. சோக்ரடீஸும் விளாதிமிரும் கசாகிராண்டேயும் இதில் முன்னின்றார்கள்.

"ஒழுங்கு கெட்டுவிடும்" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் 1982, 1983 இரண்டு வருடமும் மாநிலச் சம்பியன் கொரிந்தியன்ஸ்தான். 1982 நவம்பர் 15 தேர்தலுக்கு முன்னர், வாக்களிக்கச் சொல்லும் வாசகத்தை முதுகில் எழுதிக்கொண்டே மைதானத்தில் இறங்கினார்கள்.

1984இல் ஜனாதிபதியை மக்களே தெரிவு செய்ய வேண்டும் என்ற போராட்டம் எழுந்தது. அந்தத் திருத்தம் நிறைவேறினால் இத்தாலிக்குப் போகமாட்டேன் என்று கூட்டத்தின் முன் வாக்குக் கொடுத்தார் சோக்ரடீஸ். பாராளுமன்றத்தில் 22 வாக்குகள் போதாமல் அது தோற்றது. அவர் பியோரென்டினா அணிக்குப் போனார்.

அவரிடம் குறையும் இருந்தது. குடிப்பழக்கம் அவரது உடம்பை அழித்தது. அதை அவரே ஒளிக்காமல் பேசினார். 2011 டிசம்பர் 4, ஞாயிறு அதிகாலை, 57 வயதில் காலமானார்.

அன்று மாலை பக்காயெம்பு மைதானத்தில் கொரிந்தியன்ஸுக்குப் பரம எதிரியான பல்மெய்ராஸுடன் லீக்கின் கடைசிப் போட்டி. ஆட்டம் தொடங்கும் முன் கொரிந்தியன்ஸ் வீரர்கள் நடுவட்டத்தில் நின்று வலது கையை மடக்கி உயர்த்தினார்கள். கோல் அடித்தால் சோக்ரடீஸ் கொண்டாடும் விதம் அதுதான். மைதானத்தைச் சுற்றி ரசிகர்களின் கைகளும் உயர்ந்தன. ஆட்டம் 0-0 என முடிந்தது. சமநிலை போதுமாக இருந்ததால் கொரிந்தியன்ஸ் பிரேசில் சம்பியனானது. கொரிந்தியன்ஸ் சம்பியனாகும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இறக்க வேண்டும் என்று முன்னொரு காலம் அவர் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின.

அந்தக் கைகள் அவர் போட்ட கோல்களுக்காக மட்டும் உயர்ந்தவையல்ல. உடுப்புத் துவைப்பவரையும் தனக்குச் சமமாக வைத்துப் பார்த்த ஒருவருக்காக உயர்ந்தவை.

நமது ஊரிலும் கழகங்கள் இருக்கின்றன. பழைய வீரர் ஒருவர் மறைந்தால் பெனர் அடிக்கிறோம், மைதானத்தில் மௌனமாக நிற்கிறோம். நல்ல விடயம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இன்னொன்றையும் கேட்டுப் பார்ப்போம்: காலையில் வந்து மைதானத்துக்குக் கோடு போடும் தம்பிக்கு நமது கழகத்தில் ஒரு வாக்கு இருக்கிறதா?