சந்தை, ரொட்டி, தோல்: பம்பாயின் கிறிஸ்துமஸ் கடைவீதிகள்

கிறிஸ்துமஸுக்குப் பொருள் வாங்குவதற்கென்றே ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுத்துப் பயணம் போகும் வழக்கம் ஐரோப்பாவில் வேர்பிடித்தது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் 1434 முதலும், இன்று பிரான்சில் உள்ள ஸ்ட்ராஸ்பூரில் 1570 முதலும் டிசம்பர்ச் சந்தை கூடிவருகிறது. அங்கே எல்லாம் ஊர் நடுச் சதுக்கத்தையும் அதைச் சுற்றிய தெருக்களையும் ஒட்டியே கிடைத்துவிடும். இந்தியாவில் இத்தகைய பெயரைக் கொல்கத்தாவும் மும்பையும் பெற்றிருக்கின்றன. கொல்கத்தாவுக்குப் போகிறவர் 1874இல் திறந்த நியூ மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். மும்பையில் அப்படி ஓரிடம் இல்லை. அலங்காரப் பொருள் கிராஃபர்ட் மார்க்கெட்டில், துணி பக்கத்திலுள்ள மங்கள்தாஸ் மார்க்கெட்டில், கேக்கும் பலகாரமும் பாந்த்ராவில், தோல் பையும் பெல்ட்டும் தாராவியில் என்று ரயிலேறி இறங்கித்தான் வாங்க வேண்டும். கடைவீதிகள் இப்படிச் சிதறிக் கிடப்பதற்குக் காரணம் நகரம் வளர்ந்த விதம்.

இவற்றுள் மூத்தது பாந்த்ரா. 1534இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷாவுடன் செய்துகொண்ட வசாய் ஒப்பந்தத்தின்படி பம்பாய்த் தீவுகளும் வடக்கேயுள்ள சால்செட்டும் போர்ச்சுகீசியர் கைக்கு வந்தன. பாந்த்ரா சால்செட்டைச் சேர்ந்தது. அங்கே இயேசு சபையினர் 1575இல் புனித அந்திரேயா ஆலயத்தை எழுப்பினர். கரையோரத்துக் கோலி மீனவர்களும் உழவர்களும் கத்தோலிக்கராயினர். 1661ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தத்தில் போர்ச்சுகீசிய இளவரசி கேத்தரினுக்குச் சீதனமாகப் பம்பாய் ஆங்கிலேய அரசருக்குப் போனது. சால்செட் போகவில்லை. அதை 1737–39இல் மராத்தியரும் 1774இல் ஆங்கிலேயரும் பிடித்தார்கள். ஆக, பம்பாய் துறைமுக நகரமாகப் பெருத்த காலத்தில் பாந்த்ரா, கழிமுகத்துக்கு அக்கரையில், வயலும் தோப்பும் சிலுவை நட்ட தெருமுனைகளும் கொண்ட கத்தோலிக்கக் கிராமமாகவே இருந்தது.

அந்த அக்கரையை இக்கரையோடு சேர்த்தது 1845இல் திறந்த மாஹிம் தரைப்பாலம். சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி ஆவாபாய் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்து அதைக் கட்டச் செய்தார். படகில் கடந்தவர்கள் மூழ்கி இறந்துகொண்டிருந்த இடம் அது. பார்சிப் பெண்மணி ஒருவரின் கொடையால்தான் பாந்த்ராவின் மவுண்ட் மேரி மாதா கோயிலுக்கு நகரத்து மக்கள் காலால் நடந்து போக முடிந்தது என்பதை மும்பை மறக்கக் கூடாது. 1867இல் ரயிலும் வந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி, வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும் அதே நாளை ஒட்டி, மவுண்ட் மேரி குன்றில் ஒரு வாரம் சந்தை கூடும். மெழுகுவர்த்தி, பொம்மை, இனிப்பு என்று விழாவை நம்பிப் பிழைக்கும் வியாபாரம் பாந்த்ராவில் இப்படித்தான் பழகியது.

நகரத்தின் நடுவில் நடந்தது வேறு கதை. 1865இல் பம்பாயின் முதல் மாநகராட்சி ஆணையராக வந்த ஆர்தர் கிராஃபர்ட், சுகாதாரத்தின் பேரில் நகரத்தையே புரட்டிப் போட்டவர். காய்கறியும் பழமும் விற்க அவர் எழுப்பிய சந்தையை வடிவமைத்தவர் வில்லியம் எமர்சன். 1869இல், சூயஸ் கால்வாய் திறந்த அதே ஆண்டில், கட்டடம் முடிந்தது. மஞ்சள் சாயல் கொண்ட குர்லா கல்லுக்கு இடையே வசாயின் செங்கல்நிறக் கல்லை வைத்து இழைத்த சுவர்கள். தரையில் பாவிய கல் ஸ்காட்லாந்தின் கெய்த்னஸிலிருந்து கப்பலில் வந்தது. வாயிலுக்கு மேலே உழவர்களைக் காட்டும் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றைச் செய்தவர் எதிரிலிருந்த ஜே.ஜே. கலைப் பள்ளியின் ஆசிரியர் லாக்வுட் கிப்ளிங், எழுத்தாளர் ருட்யார்டின் தந்தை. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வாங்கும் அவசரத்தில் வாயிலைக் கடப்பவர்கள் ஒரு நிமிடம் தலைநிமிர்ந்து பார்த்தால் நல்லது. சந்தை இன்று மகாத்மா ஜோதிபா புலே பெயரைத் தாங்குகிறது; பேச்சுவழக்கில் கிராஃபர்ட் மார்க்கெட்தான். கப்பலில் இறங்கும் உலர்பழம், மசாலா, பொம்மை எல்லாம் இங்கே மொத்த விலைக்கு வந்து சேர்ந்ததால், எந்தப் பண்டிகைக்கும் முதலில் போகும் இடமாயிற்று. நவம்பர் முடியும்போது அதே கடைகளில் ஜரிகை மாலையும் கண்ணாடிக் குண்டும் தொங்கத் தொடங்கும்.

அதே கிராஃபர்ட், மாடு வெட்டும் இடமான மாட்டுத் தொட்டியை நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்திப் பாந்த்ராவுக்கு அனுப்பினார். இறைச்சி நகரத்துக்குப் போனது. தோல் பக்கத்துச் சதுப்பில் தங்கியது. மித்தி ஆற்றங்கரையில் கோலிகளின் குப்பமாக இருந்த தாராவியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொட்டிகள் எழுந்தன. அவற்றை நடத்தியவர்களில் திருநெல்வேலிச் சீமையின் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். தொட்டிக்குள் இறங்கி வேலை செய்ய அதே சீமையிலிருந்து ஆதிதிராவிடர்கள் வந்தார்கள். பஞ்சமும் சாதிக் கொடுமையும் தள்ள, வேலை இழுக்க, ஊர் ஊராக வந்தார்கள். அவர்களில் மிஷனரிகள் வழியாகக் கிறிஸ்தவர்களான குடும்பங்களும் இருந்தன. தாராவியின் தமிழ்க் கிறிஸ்துமஸ் அவர்களோடு வந்தது. மேல்சாதியினர் தொடத் தயங்கிய தொழிலைச் செய்து இந்த நகரத்துக்கு ஒரு தோல் சந்தையையே கொடுத்தவர்கள் அவர்கள். தோல் சந்தை என்று பொருள்படும் சாம்டா பஜார் என்ற பேருந்து நிறுத்தத்தின் பெயர் அதற்குச் சான்று.

ஆங்கிலேயர் இந்தக் கடைவீதிகளை நம்பியிருக்கவில்லை; அவர்களுக்குத் தனிக் கடைகள் இருந்தன. லண்டன் ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ் 1891இல் பம்பாயில் கிளை திறந்தது. காலா கோடாவில் அதன் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஒயிட்டவே லெய்ட்லா என்ற இன்னொரு கடையில் கடன் கொடுக்கவில்லை, ரொக்கம் மட்டுமே வாங்கினார்கள்.

உண்மையான பண்டிகைச் செலவு வீடுகளில் நடந்தது. வடக்குக் கொங்கணத்தின் பூர்வீகக் கத்தோலிக்கர்கள், விக்டோரியா அரசியின் பொன்விழா ஆண்டான 1887இல், தங்களை ‘ஈஸ்ட் இந்தியர்’ என்று அழைத்துக்கொண்டார்கள். கோவாவிலிருந்தும் மங்களூரிலிருந்தும் வேலை தேடி வந்த கத்தோலிக்கர்களிலிருந்து தங்களை வேறுபடுத்திக் காட்டுவது நோக்கம். மூன்று கூட்டத்தாரும் டிசம்பரில் பலகாரத் தட்டு நிரப்புவார்கள். கோவா, மங்களூர்க்காரர்களுக்கு அது குஸ்வார். நெவ்ரி என்பது நம் சோமாசி. குல்குல் செய்வதைப் பார்க்க வேண்டும்: மைதாவும் தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்துப் பிசைந்த மாவில் கோலிக்குண்டு அளவு உருட்டி, புதுச் சீப்பின் பல்லிலோ முள்கரண்டியின் முதுகிலோ கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துச் சுருட்டி எடுப்பார்கள். வரிவரியாகச் சுருள் விழும். வீட்டிலுள்ள குழந்தைகள் முதல் பாட்டி வரை மேசையைச் சுற்றி உட்கார்ந்தால்தான் ஒரு டப்பா நிறையும். வீட்டில் செய்ய ஆளில்லாதபோது பேக்கரிகள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. 1908இல் தொடங்கிய அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பேக்கரி அத்தகைய பழம்பெயர்களில் ஒன்று. 1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வந்ததும், கேக்குக்கு உலர்பழத்தை ரம்மில் ஊறப்போடும் எளிய காரியம்கூடப் பெர்மிட் விவகாரமாயிற்று.

தமிழர் வீடுகளில் அச்சு முறுக்கும் அதிரசமும் முந்திரிக்கொத்தும். ஆனால் தாராவித் தமிழர் பலருக்குக் கிறிஸ்துமஸ் கடைக்குப் போவது என்றால் ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியைக் கட்டுவது என்றே பொருள். நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்து உறவுகளுக்குச் சட்டைத் துணி, குழந்தைகளுக்குப் பொம்மை, மாமாவுக்கு ஒரு பெல்ட் என்று சேர்த்துக்கொண்டு, தெற்கே போகும் ரயிலில் இடம் பிடித்துப் புறப்பட வேண்டும். வெளியூர்க்காரர் பொருள் வாங்க வந்த அதே நாட்களில் இவர்கள் பொருளோடு வெளியேறினார்கள். ஊருக்குப் போக வழியில்லாதவர்கள் மாட்டுங்காவில் 1957இல் எழுந்த தொன் போஸ்கோ மாதா திருத்தலத்துக்குப் போவார்கள். மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே தமிழர் பூக்கடைகள் இருக்கின்றன. மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூவும் கோயிலுக்கு மாலையும் தேடி வருகிறவர்களோடு கிறிஸ்தவ வீட்டாரும் அங்கே நிற்பார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு நீண்ட காலம் இருந்தது. வெளிநாட்டுப் பொருளின் ஆசையைக் கள்ளக்கடத்தல் சரக்கு தீர்த்து வைத்தது. பிரிவினையில் வீடிழந்து வந்த சிந்திகள் பாந்த்ராவுக்கும் கார் என்ற பகுதிக்கும் இடையே லிங்கிங் ரோட்டைச் செருப்பும் துணியும் விற்கும் தெருவாக்கினார்கள். 1991க்குப் பின் சந்தை திறந்ததும் சீனத்து நெகிழி மரமும் மின்விளக்குச் சரமும் கிராஃபர்ட் மார்க்கெட்டை நிறைத்தன. மூங்கில் குச்சியும் காகிதமும் ஒட்டிய நட்சத்திரத்துக்கு மவுசு குறைந்தது; அந்த இழப்புக்கு வருந்தத்தான் வேண்டும். தீபாவளிக்கு மட்டும் மாஹிமின் கந்தில் கல்லி என்ற விளக்குச் சந்தில் அந்தக் கைவேலை மிஞ்சியிருக்கிறது. பாந்த்ராவின் ஹில் ரோட்டில் புனித அந்திரேயா ஆலயம் முதல் நடைபாதைக் கடைகள் வரை டிசம்பரில் சிவப்புத் தொப்பியும் குடில் உருவங்களும் அடுக்கியிருக்கும். விற்பவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் அல்லர். தீபாவளிக்கு விளக்கு விற்ற கைகளே இப்போது நட்சத்திரத்தைக் கட்டித் தொங்கவிடும்.

பாந்த்ராவின் மாட்டுத் தொட்டி 1970களின் தொடக்கத்தில், செம்பூரைத் தாண்டித் தேவ்னாருக்குப் போனது. தாராவியின் பதனிடும் தொட்டிகளும் மாசுக் கட்டுப்பாட்டால் மெல்ல வெளியேறின. தோல் தைக்கும் பட்டறைகள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன. பதனிட்ட தோல் சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் வருகிறது. சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையோரக் கடைகளில் பை, பர்ஸ், ஜாக்கெட் என்று வரிசையாகக் கிடைக்கும். தைத்தவர் பெரும்பாலும் பின்தெருவிலேயே இருப்பார் என்பதால், பெல்ட்டுக்கு ஒரு துளை கூடுதலாகப் போடச் சொல்வதும் பையின் வாரை மாற்றச் சொல்வதும் எளிது. 2015இல் மகாராஷ்டிரம் காளையையும் எருதையும் வெட்டுவதைத் தடை செய்தது இந்தத் தொழிலுக்குப் பெரிய அடியாயிற்று. 2022இல் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை அதானி குழுமம் வென்றது. புதிய வரைபடத்தில் மாடி வீடுகள் வரும். பட்டறையும் கடையும் ஒரே சந்தில் இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு அதில் இடம் கேட்டுத் தாராவி மக்கள் கூட்டங்களும் ஊர்வலங்களும் நடத்தி வருகிறார்கள்.