பூஞ்சேரியில் பொய்த்த கணிப்புகள்

2022 ஜூலை இறுதியில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு செஸ் ஒலிம்பியாட் வந்தது. மாஸ்கோவில் நடந்திருக்க வேண்டிய போட்டி, உக்ரைன் போரால் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இடம் மாறியது. போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' கிழக்குக் கடற்கரைச் சாலையெங்கும் கைகூப்பி நின்றது.

ஓபன் பிரிவில் அமெரிக்காவுக்குத்தான் தங்கம் என்றார்கள். தரவரிசையில் முதலிடம், கருவானா, ஆரோனியன், வெஸ்லி சோ எனப் பெரிய பெயர்கள்.

மொத்தம் 11 சுற்றுகள். முதல் சுற்றில் வலுவான அணிகளுக்கு எளிய எதிரிகளே வாய்ப்பார்கள். 4-0 வெற்றிகள் குவியும். அந்தப் புள்ளிகளை வைத்துக் கணித்தால் ஏமாற்றந்தான். எட்டாம் சுற்றில் 16 வயது குகேஷ் கருவானாவை வீழ்த்த, 11ஆம் தரவரிசையிலிருந்த இந்தியாவின் இரண்டாம் அணி அமெரிக்காவை 3-1 என வென்றது. குகேஷுக்கு அது தொடர்ச்சியான எட்டாவது வெற்றி. தங்கம் வந்துவிட்டதென்றே சென்னை நினைத்தது! பத்தாம் சுற்றில், கைக்கெட்டிய வெற்றியை அவர் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் நழுவவிட்டார். தங்கம், 14ஆம் தரவரிசையில் வந்த உஸ்பெகிஸ்தானுக்கு. இந்தியாவின் இரண்டாம் அணிக்கு வெண்கலம், அமெரிக்காவுக்கு ஐந்தாமிடம்.

மகளிர் பிரிவில் கொடுமை இன்னும் அதிகம். முதல் ஏழு சுற்றுகளையும் வென்று, பத்தாம் சுற்று முடிவில் தனித்து முன்னிலை வகித்த இந்திய அணி, கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் 1-3 எனத் தோற்றது. தங்கம் உக்ரைனுக்குப் போக, வெண்கலமே மிஞ்சியது.

கணிப்புகள் இப்படிப் பொய்ப்பது கால்பந்து ரசிகர்களுக்குப் புதிதல்ல. 2015 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துத் தொடரில் பட்டியலின் அடியில் கிடந்த சென்னையின் எஃப்சி, டிசம்பரில் கோவாவை 3-2 என வென்று கோப்பையுடன் திரும்பியது.