கடற்கோட்டைக்குக் கல் சுமந்தோர்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கிறது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் எழுப்பிய இதனை 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கையின் வடிவம் பன்றித் தொடையை ஒத்ததெனக் கண்ட அவர்கள், அத்தொடையின் குதிகால் என்று பொருள்பட ‘ஹம்மன்ஹீல்’ எனப் பெயரிட்டனர். வென்றோரையும் தோற்றோரையும் சரித்திரம் நமக்குச் சொல்கிறது. கல் சுமந்தோரைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. ஆகவே கற்களையே கேட்போம்.

இக்கோட்டையும் நெடுந்தீவுக் கோட்டையும் முருகைக் கற்களால் ஆனவை. ஈரமாயிருக்கையில் முருகைக்கல் கோடரிக்கு இணங்கும், உலர்ந்தபின் இறுகும். கருங்கல் மலையில்லாத தீவுகளுக்கு இயற்கை அளித்த கொடை அது. ஆனால், கடலில் நின்று வெட்டியெடுக்க ஆள் வேண்டும். ஓடத்தில் ஏற்ற ஆள் வேண்டும். கல்லைப் பிணைக்கும் சுண்ணாம்புக்கோ சூளையும் விறகும் வேண்டும். நீற்றாத சுண்ணாம்பில் நீர் பட்டால் கொதிக்கும். அலை தெறிக்கும் ஓடத்தில் அதனைக் கொண்டுசெல்வது ஆபத்தோடு விளையாடுவதாகும். கூரைக்குரிய பனை மரங்களும் நீர்வழியே வரவேண்டும். கடல் நடுவிலுள்ள திட்டுக்கு வேறு வழி ஏது? ஆழமற்ற பரவைக் கடலில் வத்தையும் தோணியும், சோழகக் காற்றும் வாடைக் காற்றும் அறிந்த மனிதருமே அக்கோட்டையின் மெய்யான அத்திவாரம்.

தரைவழியினும் நீர்வழியே பாரத்துக்கு எளிது என்பதை உலகமெங்கும் கட்டடக்காரர் அறிந்திருந்தனர். இங்கிலாந்தில் கன்ரர்பரிப் பேராலயத்தின் ஒரு பகுதி 1174-இல் தீக்கிரையாயிற்று. அதனை மீளக் கட்டப் பிரான்சிலிருந்து கடல் கடந்து கல் வந்தது. கப்பலில் கல்லை ஏற்றி இறக்க, சென்ஸ் நகரத்து வில்லியம் என்னும் சிற்பி பொறிகள் சமைத்த கதையை ஜெர்வாஸ் என்ற துறவி எழுதிவைத்தார். நம் தீவுகளுக்கு ஒரு ஜெர்வாஸ் வாய்க்கவில்லை.

அதே பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு நயினாதீவில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறையில் உடையும் கப்பல்களுக்கு விதி வகுக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிய கப்பலாயின் காற்பங்கு பண்டாரத்துக்கு. வாணிபச் சரக்காயின் அரைப்பங்கு. சரக்குக்குப் பங்கு வகுத்த அவ்வரிகளில் ஓட்டிய தொழிலாளியைக் காண்கிலோம்.

ஒல்லாந்தர் ஆட்சியில் ‘ஊழியம்’ என்ற கட்டாய வேலை குடிகளின் தலைமேல் இருந்தது. பணம் செலுத்த முடிந்தவன் விடுபட்டான். முடியாதவன் உடலால் செலுத்தினான். சுமைக்கூலி என்ற சொல்லே அங்கு பொய்யாயிற்று.

பழங்கோட்டைகளைப் பேண வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால், தளபதிகளின் பெயர்களைப் பொறிக்கும் பலகையில் முருகைக்கல் வெட்டியோர், சூளை எரித்தோர், வத்தை ஓட்டியோர் ஆகியோரின் தொழிலுக்கும் ஒரு வரி வேண்டும். பெயர் தெரியாவிட்டாலும் தொழில் தெரியும். அதை எழுதுவது கருணையன்று, நெடுங்காலக் கடன்.