துண்டும் பற்றுச்சீட்டும்

பாலியல் குற்றம் புரிந்தவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி வைப்பது இன்று பல நாடுகளின் வழக்கம். தண்டனை முடிந்து வெளிவந்த பின்னும் அத்தகையவன் தன் இருப்பிடத்தைக் காவல் துறைக்கு அறிவித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். இக்கடமை என்று முடிவது? இங்கிலாந்தின் சட்டம் கடுந்தண்டனை பெற்றோருக்கு ஆயுள் முழுவதும் என்று விதித்து, மறுபரிசீலனைக்கு வழியே வைக்காதிருந்தது. 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது மனித உரிமைக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 2012 முதல், வயது வந்தோர் 15 ஆண்டுகள் கழித்தும், குற்றம் புரிந்தபோது சிறாராயிருந்தோர் 8 ஆண்டுகள் கழித்தும் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று.

குற்றவாளிக்கும் ஒரு கெடு உண்டு என்பது நியாயமே. ஆனால் யாதொரு குற்றமும் புரியாமல், கொழுந்து கிள்ள வந்த ஒரே காரணத்தால் ஏட்டில் ஏற்றப்பட்ட நம் மலையகத்து மக்களுக்கு அத்தகைய கெடு இருந்ததா? ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் பழங்கதை இக்கேள்விக்கு விடை கூறும்.

திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கங்காணி ஆள் திரட்டினான். வழிச்செலவும் முன்பணமும் முதற்கடன். 1901 முதல் வந்தவர்களின் கழுத்தில் தோட்டத்து எண் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. தோட்டம் சேர்ந்ததும் செக்ரோலில் பெயர் ஏறும். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு பெயருக்கும் நாள்தோறும் சில சதம் கங்காணிக்குத் 'தலைக்காசு' ஆகக் கிடைக்கும். பெயரை வெட்டுவதில் அவனுக்கு ஆர்வம் எங்கிருந்து வரும்?

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் தொழிலாளி சுதந்திர மனிதன்! மாத ஒப்பந்தம், ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போகலாம். சொல்லாமல் போனால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சிறை. சொல்லிவிட்டுப் போனாலோ அடுத்த தோட்டத்துத் துரை கேட்பார்: "துண்டு எங்கே?"

துண்டு என்பது ஒரு சிறு காகிதம். இன்ன தொகையைச் செலுத்தினால் இன்ன கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுப்பது. புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெறும். கடனும் அவர்களோடு இடம் மாறும். (நம் தமிழ்ச்சொல் ஆங்கிலேயரின் ஆவணங்களிலும் 'துண்டு' என்றே ஏறியது. தமிழுக்குக் கிட்டிய பெருமைகளில் இதுவும் ஒன்று போலும்!) தன் பேரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதை எழுத்தறியாத தொழிலாளி அறியான். எத்தனை ஆண்டு உழைத்தான், எவ்வளவு திருப்பிக் கொடுத்தான் என்று விசாரிக்க நீதிபதி இல்லை. மனுச் செய்ய இடமில்லை. விடுதலைக்கு அளவுகோல் ஒன்றே: இன்னொரு துரை விலை கொடுக்க வேண்டும்.

1919இல் சர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தை நிறுவி, தொழிலாளியைச் சிறைக்கனுப்பும் விதிகளை எதிர்த்துப் போராடினார். இந்தியாவிலும் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முறைக்கு எதிர்ப்பு வலுத்தது. ஆள்வரவு நின்றுவிடுமோ என்ற அச்சம் தோட்ட முதலாளிகளைப் பிடித்தது. கருணை பிறந்தது எதனால் என்பதை வாசகர் ஊகிக்கலாம். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. சிறைவிதிகளும் அக்காலத்திலேயே நீங்கின.

ஆயின் காகிதம் ஒழியவில்லை. விலகும் ஒவ்வொருவரும் தத்தம் பேரில் பற்றுச்சீட்டுப் பெற வேண்டியிருந்தது. மலையகத்தார் நாவில் அது 'பத்துச்சீட்டு'. துண்டு மனிதனைத் தோட்டத்துக்குள் கட்டிப்போட்டது. பற்றுச்சீட்டோ வெளியே துரத்துவதற்கும் பயன்பட்டது. தொழிற்சங்கம் என்று வாய் திறந்தவனுக்கு அது வீடு தேடி வரும். வேலையோடு லயன் காம்பிராவும் போகும். அச்சீட்டு இல்லாதவனைப் பிற தோட்டங்கள் பேர் பதியா. 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரும், மேடைதோறும் பாடிய அவர் துணைவி மீனாட்சி அம்மையும் லயன்களில் சந்தித்தது இந்தப் பயத்தைத்தான். கங்காணியின் கடன் நோட்டு சட்டத்தின் முன் செல்லாததாகிவிட்ட அந்நாளிலும், செக்ரோலில் பேரை ஏற்றுவதும் வெட்டுவதும் துரையின் பேனாவிடமே இருந்தன.